லைனோரத்துப் பழைய கணினிகள்: பொறுப்பு யாருடையது?

சென்னைக்கு அருகில் உள்ள ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வயது அதிகமில்லை. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2000இல் ஸ்ரீபெரும்புதூருக்கு செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது, 2006இல் நோக்கியா வந்தது. ஒரகடம் நிரம்பியது அதற்குப் பிறகுதான். ரெனோ-நிஸான் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறிதும் பெரிதுமான தொழிற்சாலைகள் படப்பை, மாத்தூர், வல்லம் வடகால் என்று பரவின.

இந்த ஆண்டுக் கணக்கு முக்கியமானது. ஆலை திறக்கும் நாளில் உள்ளே நிற்கும் இயந்திரத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்பே ஆர்டர் போயிருக்கும். அதைச் செய்தவர் தன் வடிவமைப்பை அதற்கும் முன்பே முடித்திருப்பார். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. 2007இல் வந்த விஸ்டாவை இயந்திரம் செய்பவர்கள் பெரும்பாலும் தொடவில்லை. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். தங்கள் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்த்து ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு இன்னும் சில காலம் பிடித்தது. ஆகவே ஒரகடம் வளர்ந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளில் இங்கே வந்திறங்கிய சோதனை மேடைகளிலும், கசிவு பார்க்கும் கருவிகளிலும், வெல்டிங் கட்டுப்பாட்டுக் கணினிகளிலும் எக்ஸ்பி இருந்தது இயல்பு. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. 2011இல் புதிதாக வாங்கிய இயந்திரத்தின் இயங்குதளம் மூன்றே ஆண்டில் கைவிடப்பட்டது. அந்த இயந்திரமோ இருபது ஆண்டு உழைக்கும்.

அடுத்து விண்டோஸ் 7, 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய இயங்குதளம் என்பது இனி எக்ஸ்பி காலத்து விவகாரமாக மட்டும் இருக்காது. நான்கைந்து ஆண்டு முன்பு வாங்கிய இயந்திரமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. தொழிற்பேட்டைகளில் இந்தக் கணினிகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இயங்குதளம் ஓடுவதில் பெரிய தவறில்லை. அதற்கென்று பெயர் சொல்லி ஓர் ஆள் இல்லாததுதான் தவறு.

ஏன் மாற்றுவதில்லை என்று வெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். அலுவலகத்தில் கணினி பழையதானால் புதியது வாங்கி, கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. உற்பத்தி லைனில் அப்படி முடியாது. அங்கே கணினியின் உள்ளே ஒரு பிசிஐ அட்டை செருகியிருக்கும். இன்னும் பழையதென்றால் ஐஎஸ்ஏ அட்டை. சென்சாரிலிருந்து வரும் அளவை அந்த அட்டைதான் வாங்குகிறது, மோட்டாரை அதுதான் ஓட்டுகிறது. அட்டைக்கான டிரைவர் 32 பிட் எக்ஸ்பிக்கு மட்டும் எழுதப்பட்டது. டிரைவரை நம்பி இயந்திரத்தின் மென்பொருள் இருக்கிறது. அதன் உரிமம் பிரிண்டர் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிளில் இருக்கும், அல்லது வன்தட்டின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருளுக்கு ஒரு காலத்தில் உரிமமே ஃபிளாப்பியில்தான் வந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்கு மேல் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். மேலே இருக்கும் வாகன நிறுவனத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க் கணினி பழுதானால், பல லட்ச ரூபாய் இயந்திரத்தைத் தொட வேண்டிய நிலை வருகிறது. இயந்திரம் செய்த நிறுவனம் இப்போது இல்லாமலும் இருக்கலாம், வேறொருவர் வாங்கியிருக்கலாம். இருந்தாலும் புதிய மாடலுக்குத்தான் விலை சொல்வார்கள்.

ஆகவே பழையதை வைத்திருக்கும் மேலாளரைச் சோம்பேறி என்று சொல்ல நான் தயாரில்லை. அவர் எடுத்த முடிவு பெரும்பாலும் சரியான முடிவுதான். வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு அதற்கான வேலைகள் நடக்கின்றனவா என்பதில்தான் சிக்கல்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முடங்கியது நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் வந்தது. பிரான்சில் ரெனோவின் ஆலைகளும், இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் நிஸானின் ஆலையும் தாக்கப்பட்டன. அந்த வார இறுதியில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிஸான் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் இருக்கும் ஓர் ஆலை, பிரான்சின் ஆலையோடு ஒரே வார இறுதியில் ஒரே காரணத்தால் தடுமாறியது. அடுத்த மாதம் ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை ஒரு நாள் நின்றது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, பிற நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில் சிப் செய்து கொடுப்பதில் உலகின் மிகப் பெரிய நிறுவனம், அதே நிரலின் ஒரு வகையால் சில நாள் திணறியது. புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் பிணையத்தில் இணைத்ததுதான் காரணம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

வான்னாகிரை தாக்குதலை எக்ஸ்பியின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மை அப்படி இல்லை. பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 விழுக்காடு விண்டோஸ் 7 கணினிகள் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் சொன்னது. அன்றைக்கு விண்டோஸ் 7 ஆதரவுள்ள இயங்குதளம். அந்த நிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டான எக்ஸ்பிக்குக்கூட அந்த வார இறுதியிலேயே தனியாகத் திருத்தம் வந்தது. அதாவது மருந்து கையில் இருந்தபோதே நோய் பரவியது. போடுவதற்கு ஆள் இல்லை. அலுவலகக் கணினிகளுக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேரும், ஏனென்றால் அவற்றை ஐடி துறை தன் பட்டியலில் வைத்திருக்கிறது. லைன் கணினி அந்தப் பட்டியலில் இருக்காது. அது இயந்திரத்தோடு இயந்திரமாக, முதலீட்டுக் கணக்கில் பிரஸ் என்றோ டெஸ்ட் ரிக் என்றோ ஒரே வரியில் வாங்கப்பட்டது. உள்ளே ஒரு கணினி இருக்கிறது என்பதே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

தனியாக நின்ற கணினி பிணையத்துக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே குற்றவாளி யாருமில்லை, ஒரு நல்ல நோக்கம்தான் காரணம். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு விசையில் முறுக்கினோம், ஒவ்வொரு பாகமும் கசிவுச் சோதனையில் என்ன அளவு காட்டியது என்று வாகன நிறுவனங்கள் பாகத்தின் எண்ணோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கின. நாளைக்கு ஒரு வண்டி திரும்ப அழைக்கப்பட்டால் எந்தத் தொகுப்பில் பிழை என்று காட்ட வேண்டும். ஷிப்ட் முடிவில் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவது கட்டுப்படியாகவில்லை. ஆகவே கணினிக்குப் பின்னால் ஒரு நெட்வொர்க் கேபிளைச் செருகி, சர்வரில் ஒரு பகிர்வுக் கோப்புறை திறந்து, தரவு அதில் விழும்படி செய்தார்கள். அன்றைய தேவை தீர்ந்தது.

எக்ஸ்பிக்குப் புரியும் கோப்புப் பகிர்வு முறை எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான். வான்னாகிரை புகுந்ததும் அதே வழியில்தான். லைனில் ஒரே ஒரு எக்ஸ்பி இருந்தாலும், அதன் தரவை வாங்குவதற்காகப் புதிய சர்வரிலும் அந்தப் பழைய கதவைத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. கடவுச்சொல் சரிபார்க்கும் முறையிலும் இதே கதை. பிணையம் முழுவதும் தன்னிடம் உள்ள மிகப் பழைய உறுப்பினரின் மட்டத்துக்கு இறங்குகிறது. பழைய கணினி தனக்கு மட்டும் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பிரச்சினையின் மையமே இதுதான்.

கேபிள் இல்லாவிட்டால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல் ஈரானின் அணுசக்திக் கூடத்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. பென் டிரைவ் வழியாகப் பரவியது, சீமென்ஸ் மென்பொருள் இருக்கும் கணினிகளைத் தேடியது. சிமாண்டெக் நிறுவனத்தின் கணக்குப்படி அதிகம் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் இந்தியா. 2008இல் வந்த கான்ஃபிக்கர் என்ற நச்சு நிரலும் பிணையத்தோடு பென் டிரைவ் வழியாகவும் பரவியது. வெண்டர் பொறியாளர் காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொரு கம்பெனி என்று ஒரே மடிக்கணினியோடு சுற்றும் தொழிற்பேட்டையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வைரஸ் பற்றியே பேசுவதில் ஒரு தவறு இருக்கிறது. லைனைப் பெரும்பாலும் நிறுத்துவது வைரஸ் இல்லை. செத்துப்போன வன்தட்டு, உப்பிப்போன கப்பாசிட்டர், தூசி அடைத்த விசிறி, இவைதான். அன்றாட நிர்வாகம் என்பது இவற்றோடு மல்லுக்கட்டுவது.

மே மாதத்தில் ஃபவுண்டரிக்கோ, பெயிண்ட் ஷாப்புக்கோ பக்கத்தில் நிற்கும் கணினியின் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். வடிகட்டியில் எண்ணெயும் தூசியும் கலந்து படிந்திருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறும் நொடிகளில் யுபிஎஸ் சரியாக இல்லையென்றால் கணினி நடுவில் அணைகிறது. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இப்படி எத்தனை வன்தட்டுகளின் கோப்பு அமைப்பு குலைந்தது என்பதை அன்றைக்கு மெயின்டனன்ஸில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எக்ஸ்பியின் எம்பெடட் பதிப்பில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வன்தட்டில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் வடிகட்டி அது. எழுதுவதெல்லாம் நினைவகத்தில் போகும், அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பும். மின்வெட்டுக்கும் வைரஸுக்கும் ஒரே மருந்து. ஆனால் மென்பொருளில் ஏதோ மாற்றம் செய்ய யாரோ அதை ஒருமுறை அணைத்திருப்பார்கள், மறுபடி போட்டிருக்க மாட்டார்கள்.

மதர்போர்டில் ஒரு சின்ன காசு பேட்டரி இருக்கிறது. விலை சில பத்து ரூபாய். அது தீர்ந்தால் கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். இயந்திரம் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அன்றைக்குச் சோதித்த பாகங்கள் எல்லாம் 2002 ஜனவரி 1 என்ற தேதியோடு சர்வரில் போய் விழும். வாகன நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்து கேட்கும்போதுதான் தெரியும். இந்தப் பேட்டரியை ஆண்டுக்கொருமுறை மாற்று என்று தடுப்புப் பராமரிப்பு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். கியர் பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றும் வரி அதில் இருக்கிறது. கணினிக்கான வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

வன்தட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது. பழைய ஐடிஇ வன்தட்டு இப்போது புதிதாகத் தயாராவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், ஆனால் அது ஏற்கெனவே எங்கோ ஓடிக் கழித்த தட்டு. அவசரத்துக்கு ஒன்றை வாங்கிப் போட்டு, மூன்று மாதத்தில் மறுபடி அதே வேலை செய்வதைவிட, காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ மாற்றியோடு போடுவது மேல் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். புதிய சாட்டா தட்டில் எக்ஸ்பியின் நகலை இறக்கினால் நீலத்திரையில் 7பி என்ற பிழை எண் வந்து நிற்பதும் பலர் கண்டதுதான். பயாஸில் தட்டின் முறையை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாற்றினால் ஓடும். எக்ஸ்பியில் ஏஹெச்சிஐக்கான டிரைவர் கிடையாது. இதெல்லாம் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு ஷிப்ட் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, தட்டின் முழு நகல். கோஸ்ட் என்றோ குளோன்சில்லா என்றோ ஏதாவது ஒன்றில் எடுத்த நகல். அதை எடுத்திருக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைத் திரும்ப ஏற்றி இயந்திரம் ஓடுகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று நான் கணக்கில் வைக்க மாட்டேன். அதோடு நகல் எடுத்த பிறகு இயந்திரத்தில் சேர்த்த புதிய மாடல்களின் அளவுகள், வரம்புகள், பிஎல்சி என்ற இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவியின் நிரலில் செய்த திருத்தம், எதுவும் பழைய நகலில் இருக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புது நகல் வேண்டும். டாங்கிளுக்கு மாற்று கிடைக்குமா என்று இயந்திரம் செய்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

நுழைவுக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. மூன்று ஷிப்டும் ஒரே பெயரில், பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரிலேயே, கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைவது பரவலான பழக்கம். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யும் ஆபரேட்டரிடம் பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல் கேட்பது நியாயமில்லைதான். ஆனால் ஓட்டுவதற்கு ஒரு கணக்கு, வரம்புகளை மாற்றுவதற்கு வேறொரு கணக்கு என்று பிரிப்பதற்கு எக்ஸ்பியே இடம் கொடுக்கிறது. அதைச் செய்யாவிட்டால், தவறான வரம்பை யார் போட்டார் என்ற கேள்வி வரும்போது பழி அன்றைக்கு அங்கே நின்ற ஒப்பந்தத் தொழிலாளியின் மேல் விழும். இதை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

பழமை என்பதே கேடு என்றால், உலகில் பல முக்கிய வேலைகள் நின்றுபோயிருக்க வேண்டும். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினி 1988 ஜூனில் வந்தது. 1978இல் இந்தியாவை விட்டுப் போன ஐபிஎம் 1992இல் டாடாவோடு சேர்ந்து திரும்பி வந்த பின் இங்கேயும் வங்கிகள், காப்பீடு, உற்பத்தி என்று பல இடங்களில் அது அமர்ந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கிடங்கு இருப்பு, கொள்முதல், உற்பத்தித் திட்டம் எல்லாம் அதில் ஓடும். ஆலைகளுக்கென்றே எழுதப்பட்ட பிபிசிஎஸ், மேபிக்ஸ் என்ற மென்பொருட்கள் அதில் ஓடின. பார்ப்பவர்கள் இதையும் பழசு என்று ஒதுக்குவார்கள். ஆனால் அது தோற்றத்தில் மட்டும்தான் பழசு. நிரல்கள் நேரடியாக வன்பொருளைத் தொடாமல் நடுவில் ஒரு மாறாத அடுக்கோடு பேசும்படி அதை வடிவமைத்தார்கள். அதனால் 1995இல் 48 பிட்டிலிருந்து 64 பிட் செயலிக்கு மாறியபோதும் பழைய நிரல்கள் பெரும்பாலும் மறுபடி எழுதாமலே ஓடின. இன்றைக்கு அதன் பெயர் ஐபிஎம் ஐ. 7.6 என்ற பதிப்பு 2025இல் வந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ரயில்வே முன்பதிவு. கான்செர்ட் என்ற அந்த மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் முதலில் ஓடத் தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்கள் 1999இல் ஒன்றாக இணைந்தன. அடியில் ஓடுவது ஓப்பன்விஎம்எஸ், 1977இல் டிஜிட்டல் நிறுவனம் அறிவித்த விஎம்எஸ்ஸின் வாரிசு. அந்த நிறுவனத்தை 1998இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002இல் ஹெச்பி வாங்கியது. வாக்ஸ், ஆல்ஃபா, ஐடானியம் என்று செயலிகள் மாறின. இத்தனைக்கும் நடுவில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் கிடைத்துக்கொண்டே இருந்தது. 2010இல் ஐடானியத்துக்கு மாறிய அமைப்பை ரயில்வே இப்போது முழுதாக மாற்றும் வேலையில் இருக்கிறது. இந்த அமைப்பு இத்தனை காலம் நின்றதற்குக் காரணம், அதைப் பார்த்துக்கொள்ள கிரிஸ் என்ற தனி நிறுவனம் இருந்தது; ரயில்வேயின் கணினி வேலைகளுக்கென்றே 1986இல் அதை அமைத்தார்கள். ஆள் இருந்தார்கள், பட்ஜெட் இருந்தது, மாற்றும் நாள் வரும் என்ற திட்டம் இருந்தது. லைன் கணினிக்கு இந்த மூன்றும் இல்லை.

ஏடிஎம் இயந்திரங்களும் நம் ஊரில் பெரும்பாலும் எக்ஸ்பியில்தான் ஓடின. ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பயாஸுக்குக் கடவுச்சொல் போடு, யுஎஸ்பி போர்ட்டை மூடு, தானாக ஓடும் வசதியை அணை என்பவை போன்றவை முதல் வேலைகள். பிறகு 2018 செப்டம்பருக்குள் 25 விழுக்காடு, டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் எல்லாமே ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்று நாள் குறித்தது. நல்ல ஒழுங்கு அது. முதலில் செலவில்லாத பூட்டு, பிறகு படிப்படியாக மாற்றம். ஆலைகளுக்கு இப்படிச் சொல்ல ஒருவர் இல்லை. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பொதுவாகக் கொடுத்த உத்தரவுப்படி, இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். எக்ஸ்பியின் நிகழ்வுப் பதிவேடு இயல்பாக 512 கிலோபைட் மட்டும். அதை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால்தான் உண்டு. உத்தரவு போட்டவர்கள் லைனை நினைத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

வழிகளுக்கு வருவோம். நான்கு வழி பேசப்படுகிறது. முழுதாக மாற்றுவது, மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை ஓட்டுவது, தனிமைப்படுத்துவது, உறைய வைப்பது.

மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாம். லேபிள் அச்சிடும் கணினி, தரவு சேகரிக்கும் கணினி போன்ற அட்டை இல்லாதவற்றை வைத்துக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை. அவற்றை மாற்றும்போது விண்டோஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 10இன் ஐஓடி எண்டர்பிரைஸ் 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. இதை அறியாமல் கடையில் கிடைக்கும் சாதாரணப் பதிப்பை வாங்கி லைனில் வைப்பவர்கள் பலர். மெய்நிகர் வழி, மென்பொருள் மட்டும் பழையதாக இருக்கும் இடத்துக்கு அருமையானது. வன்பொருள் கவலையே போய்விடும். அட்டை இருந்தால், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதம்கூடப் பொறுக்காத கட்டுப்பாடு இருந்தால், அது உதவாது.

மிச்சமிருப்பவற்றுக்குத் தனிமையும் உறைதலும்தான். ஒவ்வொரு பழைய கணினிக்கும், அல்லது ஒவ்வொரு இயந்திரத் தொகுதிக்கும், முன்னால் ஒரு சிறு ஃபயர்வால் வைக்க வேண்டும். இந்தக் கணினியிலிருந்து அந்தச் சர்வருக்கு, இந்தப் போர்ட்டில் மட்டும், வேறு எதுவும் போகாது வராது என்று எழுதி வைக்க வேண்டும். ஐஇசி 62443 என்ற தொழிற்துறைத் தரநிலை சொல்லும் மண்டலப் பிரிப்பின் சாரம் இதுதான். பகிர்வுக் கோப்புறைக்குப் பதிலாக நடுவில் ஒரு புதிய கணினி நின்று, பழையதிடம் பழைய மொழியில் வாங்கி, சர்வரிடம் புதிய மொழியில் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் ஆலை முழுவதற்கும் பழைய கதவைத் திறந்து வைக்கும் கட்டாயம் தீரும். உறைய வைப்பதற்கு, பட்டியலில் உள்ள நிரல் தவிர வேறெதுவும் ஓடாதபடி பூட்டும் மென்பொருட்கள் உண்டு. தினமும் புதுப்பிக்கப்பட வேண்டிய வைரஸ் எதிர்ப்பானைவிட, மாறாத கணினிக்கு இதுவே பொருந்தும். கொரோனா ஊரடங்கில் வெளிநாட்டுப் பொறியாளர் வர முடியாதபோது அவசரத்துக்குப் போட்ட தொலை இணைப்பு மென்பொருள் இன்னும் அந்தக் கணினிகளில் இருந்தால், முதலில் அதை எடுக்க வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், ஒரு சிறு ஆலை இருக்கிற பணத்தை முதலில் நகலிலும், அடுத்து ஃபயர்வாலிலும் போட வேண்டும். மாற்றம் மூன்றாவது. இதற்கு எதிர்வாதம் உண்டு. நகலும் வேலியும் கொடுக்கும் நிம்மதியில் மாற்றம் என்றைக்கும் நடக்காது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. சீமென்ஸ் எஸ்7-300 போன்ற பிஎல்சிகளே விற்பனையிலிருந்து விலகிவிட்டன; பழையதைச் சுற்றியுள்ள எல்லாமே ஒரு நாள் கிடைக்காமல் போகும். ஆனாலும் நாளைக்குக் காலை லைன் நிற்காமலிருக்க நகல்தான் வேண்டும்.

இதையெல்லாம் செய்வது யார்? லைன் நின்றால் மெயின்டனன்ஸுக்கு அழைப்பு போகும். அவர் வந்து பார்த்து "சார், இது சிஸ்டம் பிராப்ளம், ஐடிகிட்ட சொல்லுங்க" என்பார். ஐடி ஆள் வந்து "இது மெஷினோட வந்த பிசி சார், எங்க லிஸ்ட்லயே இல்ல, வெண்டரைக் கூப்பிடுங்க" என்பார். வெண்டர் கோயம்புத்தூரிலோ புனேயிலோ இருப்பார். இருவரையும் நான் குறை சொல்லவில்லை. ஐடி ஆளுக்கு பிஎல்சி தெரியாது; தெரியாமல் தொட்டு இயந்திரம் நகர்ந்தால் ஒருவர் கை போய்விடும். மெயின்டனன்ஸ்காரருக்கு ஃபயர்வால் தெரியாது. கடைசியில் பார்த்துக்கொள்வது டிப்ளமோ முடித்த ஓர் இளைஞர். யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டவர். நகல் அவருடைய மேஜை டிராயரில் இருக்கும், கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும். பக்கத்து ஆலையில் இரண்டாயிரம் கூடக் கிடைத்தால் அவர் போய்விடுவார். போகக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் செய்த வேலைக்கு ஒரு பதவிப் பெயர்கூட இருந்ததில்லை.

அந்தப் பதவியை உருவாக்குங்கள் என்பதுதான் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலை நிர்வாகங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். லைன் கணினிகளின் முழுப் பட்டியல் ஒருவர் கையில் இருக்கட்டும். எந்த இயங்குதளம், எந்த அட்டை, எந்த டாங்கிள், கடைசி நகல் எப்போது, ஏற்றிப் பார்த்தது எப்போது என்ற ஐந்து விவரம் அதில் போதும். தனியாக ஆள் வைக்க வசதியில்லாத சிறு ஆலைகள், சிப்காட் வளாகத்துச் சங்கங்கள் வழியாக நான்கைந்து சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பாகம் வாங்கும் பெரிய நிறுவனங்கள் பாகத்தின் தரவைக் கேட்பதோடு, அந்தத் தரவைத் தரும் கணினியின் நிலையையும் தணிக்கையில் கேட்க வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பாலிடெக்னிக்குகளும் ஐடிஐக்களும் ஒரு பழைய கணினி, ஒரு பிஎல்சி, ஒரு ஃபயர்வால் வைத்து இதை ஒரு பருவப் பாடமாக நடத்தலாம். புதிய இயந்திரத்துக்கு ஆர்டர் போடுபவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு, அது முடிந்த பின் மாற்றிக் கொடுப்பது யார் செலவு. இயந்திரம் வந்திறங்கிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.